கைத்துப்பாக்கியில் பொருந்தாத மாற்றுப் பிடியைச் சரிசெய்தல்

கைத்துப்பாக்கியின் பிடி என்பது சுடுபவரின் உள்ளங்கையும் விரல்களும் பற்றிக்கொள்ளும் பகுதியாகும். மரம், நெகிழி, ரப்பர், கொம்பு போன்றவற்றால் இது செய்யப்படுகிறது. பழைய பிடி உடைந்தாலோ, தேய்ந்தாலோ, கைக்கு ஒத்துவராமல் போனாலோ வேறொரு பிடி வாங்கிப் பொருத்துவார்கள். இதனை மாற்றுப் பிடி என்பர். ஒரே வகைத் துப்பாக்கிக்கென்று விற்கப்படும் மாற்றுப் பிடியும் பல வேளைகளில் சரியாக உட்காருவதில்லை. அது ஆடும், ஓரத்தில் இடைவெளி விடும், திருகாணித் துளை விலகி நிற்கும், சில நேரங்களில் துப்பாக்கியின் இயக்கத்தையே தடுக்கும். இக்குறைகளின் காரணங்களையும், அவற்றைப் பாதுகாப்பாகச் சரிசெய்யும் முறைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பிடியின் அமைப்பு

துப்பாக்கியின் உலோக உடல் சட்டகம் எனப்படுகிறது. பிடி இச்சட்டகத்தோடு இணையும் விதத்தைக் கொண்டு நான்கு வகைகளைக் காணலாம்.

முதல் வகையில், சட்டகத்தின் இரு பக்கங்களிலும் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகடுகள் திருகாணியால் பொருத்தப்படுகின்றன. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்1911 துப்பாக்கியில் பக்கத்துக்கு இரண்டு திருகாணிகள் உள்ளன. 1935இல் வெளிவந்த பிரௌனிங் ஹை-பவர் துப்பாக்கியில் பக்கத்துக்கு ஒரே திருகாணிதான். இந்தியாவில் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்டு, படையினரும் காவலரும் பயன்படுத்திவரும் 9 மி.மீ. 1ஏ துப்பாக்கி இந்த ஹை-பவரின் வழியில் வந்தது.

இரண்டாம் வகை சுழல்துப்பாக்கிக்குரியது. இரு பக்கத் தகடுகளையும் ஊடுருவிச் செல்லும் ஒரே திருகாணி அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. தகடு சுழன்றுவிடாதபடி அடியில் ஒரு சிறு முளை தாங்கி நிற்பதும் உண்டு.

மூன்றாம் வகை போட்டித் துப்பாக்கிகளில் காணப்படுவது. இங்கே முழுப் பிடியும் ஒரே மரத்துண்டாக, விரல்களின் பள்ளமும் உள்ளங்கையின் மேடும் செதுக்கப்பட்டு, கைக்கு அச்சு எடுத்ததுபோல் இருக்கும்.

நான்காம் வகையில் பிடி தனியாக இல்லை. கிளாக் போன்ற துப்பாக்கிகளில் நெகிழிச் சட்டகமே பிடியாகவும் அமைகிறது. பின்புறத் தகட்டை மட்டும் மாற்றலாம். எனவே இக்கட்டுரை கூறும் சிக்கல்கள் பெரும்பாலும் முதல் மூன்று வகைகளுக்கே உரியவை.

மாற்றுப் பிடி ஏன் பொருந்துவதில்லை?

இக்கேள்விக்கான விடை துப்பாக்கி செய்யும் தொழிலின் வரலாற்றில் உள்ளது. காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத் இன்று நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற வட்டாரத்தின் ஊராக அறியப்படுகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப் பாளையமாக இருந்தது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய இவ்வூரின் பெயரால் சென்னைப் படையின் ஒரு படைப்பிரிவே அழைக்கப்பட்டது. 1903இல் அது 83ஆவது வாலாஜாபாத் லைட் இன்பன்ட்ரி என்ற பெயரைப் பெற்றது.

அந்தப் பாளையத்துக் காலத்தில் ஒவ்வொரு துப்பாக்கியும் கையால் செய்யப்பட்டது. கொல்லர் உலோகப் பகுதியை அராவி முடித்த பின்னர், தச்சர் அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே மரத்தைக் குடைந்து பொருத்தினார். ஒன்றின் மரத்தைக் கழற்றி அதே மாதிரியில் செய்த இன்னொன்றில் மாட்டினால் சேராது. அதை எவரும் குறையாகக் கருதவும் இல்லை, அதுவே இயல்பு.

எல்லா உறுப்புகளையும் ஒரே அளவில் செய்தால் ஒன்றை எடுத்து மற்றொன்றில் மாட்டலாம் என்ற எண்ணத்தைப் பிரான்சு நாட்டின் ஹொனொரே பிளாங்க் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்து காட்டினார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு போன்ற படைக்கலத் தொழிற்சாலைகள் அளவுமானிகளையும் இயந்திரங்களையும் கொண்டு அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. உலோக உறுப்புகள் ஒரே சீரான அளவை எட்டியது இவ்வாறுதான்.

பிடியின் நிலை வேறு. அதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

ஒன்று, அளவுச் சலுகை. எந்த உறுப்பையும் குறிப்பிட்ட அளவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ செய்ய அனுமதி உண்டு. சட்டகம் ஒரு தொழிற்சாலையிலும் பிடி வேறொரு பட்டறையிலும் செய்யப்படும்போது, இரண்டின் சிறு வேறுபாடுகளும் ஒரே பக்கமாகச் சேர்ந்தால் பொருத்தம் கெடுகிறது.

இரண்டு, பெயர்க் குழப்பம். ஒரே பெயரில் பல அளவுகள் விற்கப்படுகின்றன. எம்1911 குடும்பத்தில் முழு அளவுத் துப்பாக்கியின் இரு திருகாணித் துளைகளுக்கு இடையே சுமார் 78 மி.மீ. தொலைவு உண்டு, ஆபீசர்ஸ் எனப்படும் சிறிய வகையில் அது சுமார் 68 மி.மீ. தான். எவ்வளவு அராவினாலும் ஒன்று மற்றொன்றுக்குச் சேராது. சுழல்துப்பாக்கிகளிலும் சட்டகத்தின் அடி உருண்டையாகவோ சதுரமாகவோ இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்று, மரத்தின் இயல்பு. மரம் காற்றின் ஈரத்தை வாங்கி விரியும், உலர்ந்தால் சுருங்கும். இழையின் நீளவாக்கில் மாற்றம் மிகக் குறைவு, குறுக்குவாக்கில் அதிகம். ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதும், பங்குனி வெயிலில் எளிதாகச் சாத்திக்கொள்வதும் இதனால்தான். உலர்ந்த குளிர்நாட்டில் செய்யப்பட்ட பிடி தமிழ்நாட்டின் மழைக்காலத்தில் வளைந்து ஓரம் தூக்குவதும் இதே காரணத்தால்தான்.

பொருந்தாத பிடியால் விளையும் கேடு

பிடி சற்றே ஆடினால் என்ன என்று தோன்றலாம். ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 350 மி.மீ. தொலைவு இருப்பதாகக் கொள்வோம். பிடி அசைந்ததால் முன்குறி பின்குறியின் நேர்கோட்டிலிருந்து 1 மி.மீ. விலகுகிறது. இலக்கில் அந்த விலகல் 10,000 ÷ 350, அதாவது சுமார் 29 மி.மீ. ஆகப் பெருகும். இலக்கின் 10 புள்ளி வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான். நடுவில் பட வேண்டிய குண்டு 7 புள்ளி வளையத்தில் போய் விழும்.

புள்ளி இழப்பைவிடப் பெரிய கேடு பாதுகாப்பைப் பற்றியது. தடித்த பிடி பாதுகாப்பு நெம்பின் வழியை மறித்தால் அது முழுவதும் பூட்டிக்கொள்ளாது. பூட்டியதாக எண்ணியிருப்பவர் கையில் பூட்டாத துப்பாக்கி இருக்கும். நீளமான திருகாணி உள்ளே துருத்தினால் தோட்டாக்கூடு சிக்கும். சில துப்பாக்கிகளில் பிடித்தகடே உள்ளுறுப்பு ஒன்றைத் தாங்கி நிற்கிறது. பெரெட்டா 92 துப்பாக்கியில் விசைத்தண்டின் கம்பிச்சுருளை வலப்பக்கத் தகடுதான் இடம்பெயராமல் வைத்திருக்கிறது. அங்கே தகடு சரியாகப் படியாவிட்டால் விசையின் வேலை கெடும்.

வேலைக்கு முன் செய்ய வேண்டியவை

1. தோட்டாக்கூட்டைக் கழற்றவும். பிறகு தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்க்கவும், விரலால் தொட்டும் உறுதிசெய்யவும். கூட்டைக் கழற்றிய பின்னும் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும்.
2. தோட்டாக்களை வேறு அறையில் வைத்துப் பூட்டவும்.
3. காற்றுத் துப்பாக்கியானால் குண்டு இல்லை என்பதைப் பார்த்து, காற்று உருளையையும் கழற்றிவிடவும்.
4. குழல்வாய் எப்போதும் ஆளில்லாத பக்கம் நோக்கி இருக்கட்டும்.
5. பழைய பிடியைத் தூக்கி எறிய வேண்டாம். உடைந்த பிடியும் அளவு எடுக்க உதவும்.

குறையைக் கண்டறிதல்

பிடி உட்காரவில்லை என்றால் திருகாணியை இன்னும் இறுக்குவதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. இறுக்கினால் இடைவெளி மறையலாம். ஆனால் மரம் வளைந்த நிலையில் நிற்கும். சில நாட்களில் திருகாணித் துளையிலிருந்து இழைவாக்கில் விரிசல் ஓடும். பொருத்தம் சரியாக இருந்தால், திருகாணி இல்லாமலேயே தகடு சட்டகத்தின்மேல் ஆடாமல் உட்கார்ந்திருக்கும். திருகாணி அதனை விழாமல் காப்பதற்கு மட்டுமே.

முதல் சோதனை கண்ணாடிச் சோதனை. தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் தகட்டின் உட்பக்கத்தை வைத்து, மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்த வேண்டும். ஆடினால் உட்பக்கம் தட்டையாக இல்லை என்று பொருள். ஆடவில்லை, ஆனால் சட்டகத்தில் வைத்தால் ஆடுகிறது என்றால், ஏதோ ஓர் உலோக மேடு தகட்டை இடிக்கிறது.

இரண்டாம் சோதனை கரிச் சோதனை. தச்சர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. விளக்குக் கரியைச் சிறிது எண்ணெயில் குழைத்துச் சட்டகத்தின்மேல் மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். தகட்டை அதன் இடத்தில் வைத்து லேசாக அழுத்தி, நேராக எடுக்க வேண்டும். மரத்தில் கரி ஒட்டிய இடங்களே இடிக்கும் இடங்கள். கரி படாத இடத்தைத் தொடவே கூடாது. எதிர்பார்த்த இடத்தில் குறை இருப்பது அரிது என்பதை இச்சோதனை செய்தவர் அறிவர்.

மூன்றாம் சோதனை திருகாணியைப் பற்றியது. திருகாணியின் நீளத்தை வெர்னியர் அளவியால் அளந்து பழையதோடு ஒப்பிட வேண்டும். புரிகளின் இடைவெளியையும் பார்க்க வேண்டும். அங்குலக் கணக்கில் செய்த புரையில் மில்லிமீட்டர் கணக்குத் திருகாணி ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். வலிந்து திருப்பினால் சட்டகத்தின் புரியே அழியும்.

சரிசெய்யும் முறைகள்

இங்கே ஒரு விதியை மனத்தில் கொள்ள வேண்டும். மரத்தை அராவலாம், உலோகத்தை அராவக் கூடாது. பிடி கெட்டால் வேறொன்று வாங்கலாம். சட்டகம் கெட்டால் துப்பாக்கியே கெட்டது.

தகடு ஆடினால்: 220 எண் உப்புத்தாளைக் கண்ணாடியின்மேல் விரித்து ஒட்டி, தகட்டின் உட்பக்கத்தை அதன்மேல் எட்டு வடிவில் நான்கைந்து முறை தேய்த்துவிட்டுச் சோதிக்க வேண்டும். கையில் உப்புத்தாளைப் பிடித்துத் தேய்த்தால் ஓரங்கள் உருண்டு, வெளியே இடைவெளி தெரியும்.

உலோக மேடு இடித்தால்: கரி பட்ட இடத்தை மட்டும் சிறு உளியாலோ கூர்மையான கத்தியாலோ சுரண்ட வேண்டும். சுரண்டுவது, கரி தடவுவது, வைத்துப் பார்ப்பது என்று பலமுறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். ஒரே முறையில் முடிக்க நினைப்பவர் அளவுக்கு மீறி வெட்டிவிடுவார்.

துளை விலகியிருந்தால்: விலகல் அரை மில்லிமீட்டருக்குள் இருந்தால், வட்ட அரத்தால் தேவையான பக்கம் மட்டும் துளையைச் சற்றே நீட்டலாம். திருகாணியின் தலை அதனை மறைத்துவிடும். விலகல் அதற்கு மேல் இருந்தால், அதே மரத்தில் செய்த குச்சியை அரால்டைட் தடவித் துளையில் அடைத்து, ஒரு நாள் உலரவிட்டு, புதிய இடத்தில் துளையிட வேண்டும்.

திருகாணி நீளமானால்: திருகாணியை அளவாக வெட்டி, முனையை அராவிச் சீர்செய்யலாம். எம்1911 வகையில் திருகாணி நேராகச் சட்டகத்தில் ஏறுவதில்லை. சட்டகத்தில் திருகிய சிறு புரைக்குழல் ஒன்றில் ஏறுகிறது. மெல்லிய பிடிக்குக் குட்டையான புரைக்குழலும் குட்டைத் திருகாணியும் தேவை. மெல்லிய பிடியை வழக்கமான நீளத் திருகாணியால் பொருத்துவது இவ்வகையில் அடிக்கடி நேரும் பிழையாகும்.

துளையைச் சுற்றி மரம் தேய்ந்து தளர்ந்தால்: திருகாணித் தலையின் கீழ் மெல்லிய ரப்பர் வளையம் ஒன்றை இடலாம். அது அதிர்வைத் தாங்கி, திருகாணி தளராமலும் காக்கும். புரியைப் பூட்டும் பசை இடுவதானால், பிறகு கழற்றக்கூடிய மென்மையான வகையையே ஒரு துளி அளவு இட வேண்டும். கடும்பசை இட்டால், அடுத்தமுறை கழற்றும்போது திருகாணியோடு புரைக்குழலும் சேர்ந்து வந்துவிடும்.

உட்பக்கம் குழிவாக இருந்தால்: குழியை எம்-சீல் போன்ற இருபகுதிப் பசைமாவால் நிரப்பலாம். அதற்கு முன் சட்டகத்தின்மேல் மெழுகு தடவி, மெல்லிய நெகிழித்தாளை விரித்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பிடி சட்டகத்தோடு நிரந்தரமாக ஒட்டிவிடும். மாவு துளைகளிலோ நெம்புகளின் வழியிலோ புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பு நெம்பு இடித்தால்: நெம்பு ஓடும் வில்வடிவப் பாதையைப் பென்சிலால் தகட்டில் குறித்துக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் மரத்தைத் தாழ்த்த வேண்டும். நெம்பை வளைப்பதோ அராவுவதோ கூடவே கூடாது.

கைக்குப் பொருந்தும் பிடி

சட்டகத்தில் சரியாக உட்கார்ந்த பிடி சுடுபவரின் கைக்கும் பொருந்த வேண்டும். போட்டித் துப்பாக்கிகளில் இதுவே பெரிய வேலை. இப்பிடிகள் பெரும்பாலும் அக்ரூட் எனப்படும் வால்நட் மரத்தில் செய்யப்பட்டு, சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவுகளில் விற்கப்படுகின்றன. ஆயினும் இரண்டு பேரின் கைகள் ஒன்றாக இருப்பதில்லை.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை உயர்த்தி, பின் கண்ணைத் திறந்து பார்ப்பது இதற்கான சோதனை. முன்குறி எப்போதும் இடப்பக்கமே விலகி நின்றாலோ, வலப்பக்கமே நின்றாலோ, மணிக்கட்டைத் திருப்பிச் சரிசெய்யக் கூடாது. உள்ளங்கை மேட்டில் மரத்தைக் குறைத்தோ மாவைச் சேர்த்தோ பிடியைத்தான் மாற்ற வேண்டும். விசையை இழுக்கும் சுட்டுவிரல் மட்டும் மரத்தில் படாமல் தனித்து அசைய வேண்டும். ஒரு நாளில் ஓரிடத்தை மட்டும் மாற்றி, சில நாட்கள் பயிற்சி செய்த பிறகே அடுத்த இடத்தைத் தொடுவது நல்லது.

மாற்றத்துக்கு விதியின் எல்லையும் உண்டு. உலகத் துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பின் விதிப்படி, 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி பிடியோடு சேர்த்து 420 × 200 × 50 மி.மீ. அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1,500 கிராமைத் தாண்டக் கூடாது. பிடியின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்குத் தாங்கலாக அமையக் கூடாது. உள்ளங்கையின் அடியைத் தாங்கும் பலகை மேல்நோக்கி வளைந்திருக்கவும் கூடாது. மாவு சேர்த்துப் பிடியைத் தடிக்கச் செய்பவர் 50 மி.மீ. அகலத்தை மறந்துவிட்டால், போட்டி நாளன்று சோதனை மேசையிலேயே துப்பாக்கி நிறுத்தப்படும்.

கருவியில் ஏற்படும் சிறு கோளாறு எவ்வளவு பெரிய இழப்பாகும் என்பதை இந்தியர்கள் 2021 ஜூலை 25 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் கண்டனர். தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் துப்பாக்கி பழுதானது. அங்கே பழுதானது பிடி அன்று. ஆனால் அதைச் சரிசெய்வதில் போன நேரம் திரும்பவில்லை. 575 புள்ளிகளோடு 12ஆம் இடம் பெற்ற அவர் எட்டுப் பேர் கொண்ட இறுதிச் சுற்றுக்குள் நுழைய முடியவில்லை. அதே வீராங்கனை 2024 ஜூலை 28 அன்று பாரிசில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். போட்டிக்கு முந்தைய நாளில் ஒவ்வொரு திருகாணியையும் சோதிக்கும் பழக்கத்தின் அருமை இதிலிருந்து விளங்கும்.

இடக்கைப் பழக்கமுடையோர்

வலக்கைக்குச் செதுக்கிய பிடியை இடக்கையில் பிடிக்கவே இயலாது. அதனைத் திருத்தவும் முடியாது. வேறு பிடிதான் வேண்டும். ஹங்கேரியின் கரோலி தக்காச் 1938இல் கையெறி குண்டு வெடித்து வலக்கையை இழந்தார். இடக்கையால் சுடப் பழகி, 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். இந்தியாவின் மணீஷ் நர்வாலுக்குப் பிறவியிலேயே வலக்கையில் குறைபாடு உண்டு. இடக்கையால் சுட்டு அவர் டோக்கியோ பாராலிம்பிக்கில் 50 மீட்டர் கைத்துப்பாக்கிப் பிரிவில் தங்கம் பெற்றார். கைக்கேற்ப பிடி அமைய வேண்டுமே தவிர, பிடிக்கேற்ப கையை வளைக்கக் கூடாது என்பதற்கு இவர்கள் சான்று.

சட்டம் கூறுவது

இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி செய்யவும் விற்கவும் மாற்றியமைக்கவும் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். எனவே சட்டகத்தின் புரி அழிந்தாலோ, நெம்பு உடைந்தாலோ, விசையின் வேலை மாறினாலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளரிடமே கொடுக்க வேண்டும். மரத்தைத் திருத்துவதிலும் ஐயம் இருந்தால் அவரையே அணுகுவது நன்று. பயிற்சி பெறும் மாணவர்கள் பயிற்றுநர் உடனிருக்கும்போது மட்டுமே பிடியைக் கழற்ற வேண்டும்.

இறுதிச் சோதனை

வேலை முடிந்தபின், தோட்டா இல்லாத நிலையிலேயே பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

1. தோட்டாக்கூடு தங்குதடையின்றி ஏறி இறங்குகிறதா?
2. பாதுகாப்பு நெம்பு இரு நிலைகளிலும் முழுவதும் சென்று நிற்கிறதா?
3. விசை முன்போலவே இழுபட்டுத் திரும்புகிறதா?
4. திருகாணியைக் கழற்றிய நிலையிலும் தகடு ஆடாமல் உட்காருகிறதா?

நான்கிற்கும் ஆம் என்றால் மட்டுமே பிடி பொருந்தியதாகக் கொள்ளலாம். பிறகு அராவிய மரப்பரப்பில் ஆளி விதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி உலர்த்த வேண்டும். உட்பக்கத்தையும் துளைகளின் சுவரையும் விட்டுவிடக் கூடாது. ஈரம் புகுவது பெரும்பாலும் அவ்வழியாகத்தான். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி வைக்காமல் விரித்து உலர்த்த வேண்டும். சுருட்டிய துணி தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருமுறையும் கோடைத் தொடக்கத்தில் ஒருமுறையும் திருகாணிகளைச் சோதித்தால், ஒருமுறை பொருத்திய பிடி பல ஆண்டுகள் நிலைக்கும்.